ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் ஆல்பேட்டைக்காரன். எங்கள் தாத்தாவின் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். 2024 டிசம்பர் பெண்ணையாற்று வெள்ளத்தில் இரண்டு நாள் அச்சு முங்க நின்ற வண்டி. டிங்கரிங், பெயின்ட் முடிந்துவிட்டது, இன்ஜினும் ஓடுகிறது. மிச்சம் பிரேக்கும் சஸ்பென்ஷனும்தான். முன்னால் இருக்கும் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு மாருதி 800 டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரும் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். வேகத்தடையில் அடி தட்டுவதால் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி உயர்த்திவிடலாம் என்றும் சொல்கிறார். கையில் அறுபதாயிரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பாண்டிக்கு அழைத்து வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எதை முதலில் செய்யட்டும்?

எஸ்., ஆல்பேட்டை, கடலூர்

அன்புள்ள எஸ்.,

டிஸ்க்கைப் பற்றியும் பட்டையைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ‘இரண்டு நாள் அச்சு முங்க நின்ற வண்டி’ என்ற வரிதான். நீங்கள் அதைச் சொல்லிவிட்டு அப்படியே கடந்துபோய்விட்டீர்கள்.

ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பு ஒன்று உண்டு. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைக்குப் பெயர் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு அந்த மரைக்குள்தான் சுற்றுகிறது. அதற்குக் கம்பெனி சொன்னது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நம் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி மேலேயே நின்றுவிடும், அடி மரைக்குப் போகாது. உள்ளே ஈரம் தங்கும், மரை துருப்பிடிக்கும், துருக்குழியிலிருந்து விரிசல் ஓடும். ஒரு நாள் இரும்பு துண்டாகிச் சக்கரம் மடங்கிவிடும்.

என் வண்டிக்கு இது அரியாங்குப்பத்தில் நடந்தது. கடை ஓரமாக நிறுத்த வண்டியைத் திருப்பினேன், நடை வேகம்தான். இடது முன்சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டது. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் கிருமாம்பாக்கம் சாலையில் அறுபதில் வந்துகொண்டிருந்தேன், பின் சீட்டில் மகள். பல வருடமாக ஒரே பட்டறையில் ஒழுங்காக கிரீஸ் அடித்து வந்த வண்டி அது. அவர்கள் அக்கறையோடுதான் செய்தார்கள். தவறான பொருளை அக்கறையோடு அடித்தார்கள். எண்ணெய் வைத்திருந்தால் அந்த இரும்பு இன்னும் பல வருடம் உழைத்திருக்கும்.

உங்கள் வண்டியின் டிரனியனுக்குள் ஆற்றுநீர் போயிருக்கிறது. ஆகவே அறுபதாயிரத்தில் முதல் ரூபாய் அங்கே போகட்டும். இரண்டு பக்கமும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையை விரலால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் விரிசல் சோதனை செய்யாமல் திரும்ப மாட்டாதீர்கள். சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை ஊதினால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும். வெல்டிங் சோதிப்பவர்களிடம் இந்த ஸ்பிரே இருக்கும், சிப்காட் பக்கம் கேட்டுப்பாருங்கள். டிரனியனில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி உருப்படி, மாற்றி வாங்கிவிடக் கூடாது. முன் வீல் பேரிங்கும் அதே தண்ணீரில்தான் நின்றது, அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இனி பிரேக். உங்கள் வண்டியில் மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, அதிலிருந்து ஒரே சுற்றாக நான்கு சக்கரத்துக்கும் குழாய். ஏதாவது ஒரு ரப்பர் ஓஸ் வெடித்தால், சக்கரத்தில் இருக்கும் சிலிண்டரின் ரப்பர் கப் ஒன்று கிழிந்தால், நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. கைபிரேக் மட்டும்தான் மிச்சம். அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியது இந்த ஆபத்துக்காகத்தான். ‘அப்கிரேடு’ என்று ஒன்றே ஒன்று செய்ய என்னிடம் அனுமதி கேட்டால், டிஸ்க்குக்கு முன்னால் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைத்தான் சொல்வேன். முன்சக்கரங்களுக்கு ஒரு சுற்று, பின்சக்கரங்களுக்கு ஒரு சுற்று.

அதோடு சேர்த்து எல்லா ஓஸும் புதிது, எல்லாக் குழாயும் புதிது. நம் கடற்கரைக் காற்றுக்கு இரும்புக் குழாய் தாங்காது, செம்பு-நிக்கல் கலந்த குழாய் கிடைத்தால் அதைப் போடுங்கள். பழைய ஓஸ் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி அடைத்திருக்கும். மிதித்தால் எண்ணெய் போகும், காலை எடுத்தால் திரும்பாது. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், காரணம் இதுவாக இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. கடலூரில் வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் தப்பில்லை.

டிஸ்க் கெட்டது என்று சொல்ல வரவில்லை. மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும், திரும்பத் திரும்ப மிதித்தாலும் சூட்டில் சோராது. ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் கம்பெனியே முன் டிஸ்க் கொடுத்தது. ஆனால் அங்கே சக்கரத்தைத் தாங்கும் இரும்பிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் வரை ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்தார்கள். லேத்தில் ஒரு பிளேட் வெட்டி டிஸ்க்கைக் கவ்வும் மாருதி காலிப்பரை மாட்டும்போது அந்தப் பொருத்தத்துக்கு யார் பொறுப்பு? டிரம் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. அதனால்தான் அண்ணன் பூஸ்டரையும் சேர்த்துச் சொல்கிறார். டிரம்முக்கான அமைப்பில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருந்தால், அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால் பேட் உரசிக்கொண்டே ஓடும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பங்கீடும் மாறிவிடும். பூஸ்டருக்கு இடம் வேண்டும் என்று பாடியை வெட்டினால் இன்னொரு இழப்பும் வரும். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதித் திருத்தத்தின்படி விண்டேஜ் பதிவு பெறலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது.

ஆல்பேட்டையிலிருந்து பாண்டிக்கு மேடு பள்ளமில்லாத சமதரை, இருபத்து சொச்சம் கிலோமீட்டர். எண்ணூறு கிலோ எடையுள்ள வண்டிக்கு, டிரம்மை வட்டம் பார்த்துக் கடைந்து, நல்ல லைனிங் ஒட்டி, ஷூ முழுதாகப் படியும்படி தேய்த்துப் பொருத்திய டிரம் பிரேக் போதும். அதை ஒழுங்காக மிதித்துப் பார்த்தவர் நம்மில் குறைவு. தேய்ந்த டிரம்மை மிதித்துவிட்டு டிரம்மே மோசம் என்கிறோம். ஆறு மாதம் ஓட்டுங்கள். அப்புறமும் டிஸ்க் வேண்டும் என்று தோன்றினால் ஹெரால்டுக்கென்றே வந்த டிஸ்க் செட்டைத் தேடலாம்.

பின் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டும் யோசனையை மட்டும் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் ஓடிய மற்ற கார்களில் பெரும்பாலும் பின் அச்சு ஒரே தண்டு. ஹெரால்டில் இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சேசிஸோடு நிற்கும், இரண்டு பக்கமும் அரை அச்சுகள் பறவைச் சிறகுபோல மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். பின்பக்கத்தை உயர்த்தினால் இரண்டு சக்கரமும் மேலே விரிந்து அடியில் உள்ளே சாய்ந்து நிற்கும். அப்படி நிற்கும் வண்டி வளைவில் வேகமாகப் போகையில், பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தீர்கள் என்றால், வெளிச்சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி, உடலைத் தூக்கி, பின்பக்கத்தை வீசிவிடும். கம்பெனிக்கும் இது தெரியும். இதே அமைப்பில் வந்த ஸ்பிட்ஃபயர் காரில் 1970-இல் ஸ்பிரிங்கின் அடிப்பட்டையை மட்டும் இறுக்கி மற்றவற்றை ஆடவிட்டு இந்தக் குணத்தை அடக்கினார்கள். இங்கே வண்டலூரில் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெஸல் காரில் ஒரே தண்டு அச்சுக்கே போய்விட்டார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்துகிறார்கள்.

அடி தட்டுவதற்குக் காரணம் அறுபது வருடத்தில் தொய்ந்த ஸ்பிரிங்காகவும் செத்துப்போன ஷாக் அப்சார்பராகவும்தான் இருக்கும். பட்டைகளைப் பிரித்து, முறிந்ததை மாற்றி, கம்பெனி வளைவுக்கு மட்டும் தட்டித் தரச் சொல்லுங்கள். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தபின் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால், சக்கரம் நேராகவோ, மேல்பகுதி துளி உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே வகை ரேடியல் டயர், பின்னால் முன்னைவிட நான்கைந்து பவுண்டு காற்று கூடுதல். ரெட்டிச்சாவடி வரைக்கும் வரும் வேகத்தடைகளை ஒவ்வொன்றாக மெதுவாக ஏறி இறங்குங்கள். அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும்.

முன்பக்கத்தைப் பிரிக்கும் நாளைச் சொல்லுங்கள், நான் பாண்டியிலிருந்து வருகிறேன். எண்ணெய் அடிக்கும் துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. கழற்றிய டிரனியன்களை மட்டும் நான் வரும்வரை பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம்.