உண்மையா என்று கேட்க வேண்டாம்

வணக்கம் ஐயா,

என் மகன் தரம் 11 படிக்கிறான். சிநேகிதன் ஒருவனுக்கு அவன் வட்ஸ்அப்பில் எழுதியதை யாரோ ஸ்கிறீன்ஷொட் எடுத்து வகுப்புக் குறூப்பில் போட்டுவிட்டார்கள். அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கரும் செய்திருக்கிறார்கள். 'ஒன்பது' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். போனைப் பறிக்கச் சொல்கிறார் அப்பா. உண்மையிலேயே அவன் அப்படியா என்று கேட்கட்டுமா? அதிபரிடம் போகலாமா?

ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்காதீர்கள். சொல்ல விரும்பும்போது அவனே சொல்லட்டும். "நீ ஒரு பிழையும் செய்யவில்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று நீங்கள் சொல்லுங்கள். அப்பாவும் சொன்னால் இன்னும் நல்லது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றித் தருகிறோம் என்று யார் வந்தாலும் பிள்ளையை ஒப்படைத்துவிடாதீர்கள்.

போனைப் பறித்தால் தண்டனை அவனுக்கென்று ஆகிவிடும். ஆதாரமும் அதில்தான் இருக்கிறது. அனுப்பியவரின் இலக்கமும் நேரமும் தெரியும்படி எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். போட்டவர்கள் அழித்துவிடலாம், அதனால் இன்றைக்கே செய்யுங்கள்.

சரி, அதிபர். கட்டாயம் போங்கள். ஆனால் என்னென்ன சொல்லலாம் என்று முதலில் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று மட்டும் தொடங்காதீர்கள். அப்படிப்பட்டவனாக இருந்தால் இதெல்லாம் செய்யலாம் என்றல்லவா அர்த்தம்? பக்கத்தில் நின்று அவன் அதைக் கேட்டால் பிறகு உங்களிடம் வாயே திறக்கமாட்டான். தனிப்பட்ட செய்தியை ஊருக்குக் காட்டினார்கள், ஒரு பிள்ளையின் முகத்தை வைத்து நக்கலடித்தார்கள். முறைப்பாடு இவ்வளவுதான். "அவன் ஏன் அப்படி எழுதினான்?" என்று பேச்சைத் திருப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

சட்டத்தைக் காட்டி வெருட்டுகிறவர்களும் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் தன்பாலுறவைத் தண்டிக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருப்பது உண்மை. அவை செயலைப் பற்றியவை, யார்மீது விருப்பம் வருகிறது என்பதைப் பற்றியவை அல்ல. தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பள்ளிக்கூடம் அசையாவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, 1929க்கு எடுங்கள். அவன் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தாலோ, சாவைப் பற்றி ஒரு சொல் சொன்னாலோ தனியே விடவேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதிபர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.