டாக்டரம்மா பதில்கள்: மார்ஃபின் என்றதும் மிரள்வது யார்?

எங்கள் நைனாவுக்கு 61 வயது. லுங்கித் தறி ஓட்டியவர். கன்னத்தில் புற்றுநோய். வேலூரில் காட்டியபோது மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னார்கள். பத்து நாள் நன்றாகத் தூங்கினார், கஞ்சி குடித்தார். போன வாரம் காய்ச்சல் என்று எங்கள் ஊர் டாக்டரிடம் போனோம். சீட்டைப் பார்த்ததுமே, ‘இது அபின் மருந்தும்மா. அடிமையாகிடுவார், மூச்சு நின்னுடும்’ என்று நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு ஒரு வலி ஊசி போட்டார். அன்று ராத்திரியிலிருந்து வலியோடு வியர்வை, வாந்தி, நடுக்கம். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது, டாக்டரம்மா?
- ஒரு மகள், குடியாத்தம்

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்துக்கு இன்றே போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள். போட்ட ஊசியின் பெயரையும் கேட்டு வாங்கி வையுங்கள். அது பென்டாசோசினாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை, நம் பக்கத்து கிளினிக்குகளில் ரொம்ப நாளாகப் புழங்கும் ஊசி அது. உடம்பில் மார்ஃபின் உட்காரும் இடத்தில் தானும் போய் உட்கார்ந்து, மார்ஃபினை எழுப்பி விட்டுவிடும். வலி குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

வியர்வை, வாந்தி, நடுக்கம் எல்லாம் மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தவை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்தினாலும் படுத்துவிடுவார். அவரை யாரும் ஸ்டீராய்டு அடிமை என்று சொல்வதில்லையே? அடிமை என்றால் வலியே இல்லாதபோதும் தேடுவது, குடும்பம் குலைந்தாலும் தேடுவது. உங்கள் நைனா மாத்திரையைத் தேடுவது வலிக்காக. கதிர்வீச்சு கொடுத்து வலி தணிந்தபின் மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

மூச்சு நின்றுவிடும் என்பதும் சும்மா சொன்ன பேச்சில்லை. அளவு மீறினால் நடக்கும். ஆனால் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்போது, மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம் கூடிவிடும். முதல் இரண்டு மூன்று நாள் தூங்கினால் பயம் வேண்டாம், பல ராத்திரி தூங்காத மனுஷன் கடனை அடைக்கிறார். தட்டி எழுப்பியும் எழவில்லை, ஒன்றுக்குப் போவது ரொம்பக் குறைந்துவிட்டது என்றால் மட்டும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே கூப்பிடுங்கள். சிறுநீரகம் சோர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கும்.

அந்த டாக்டரைத் திட்டாதீர்கள். ஒரு காலத்தில் அந்த டாக்டர் நான்தான்.

1988. வடாற்காடு மாவட்டம் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் ஷாப்புத் தொழிலாளி ஒருவர், இடுப்பெலும்பு வரை புற்று. ராத்திரியில் கத்தமாட்டார். விரலில் இருந்த இரும்பு மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பார். டக், டக். வார்டு முழுக்கக் கேட்கும். மார்ஃபின் ஊசி இரண்டு பூட்டு போட்ட அலமாரியில் இருந்தது. எடுத்தால் ரிஜிஸ்டரில் எழுதணும், காலியான குப்பியைக் கணக்குக் காட்டணும், காலையில் பெரிய டாக்டருக்குப் பதில் சொல்லணும். நான் அனால்ஜின் என்ற சாதாரண வலி ஊசியைப் போட்டுவிட்டு டூட்டி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மோதிரச் சத்தம் அங்கேயும் வந்தது.

மார்ஃபின் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு குறையும், அடிமையாக்கும், முறிவு மருந்து நாலாக்சோன் என்று வைவாவில் ஒப்பித்துப் பாஸானவள். வலியில் இருக்கிறவருக்கு எத்தனை மில்லிகிராமில் தொடங்குவது என்று மட்டும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. ‘வாய் வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக’ என்ற உலக சுகாதார நிறுவனத்தின் முறை 1986-லேயே வந்திருந்தது. எங்கள் வார்டுக்கு வரவில்லை. வந்து சேர்ந்தது 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பயம்தான். ஒரு பாட்டில் குறைந்தால் பத்து வருஷம் ஜெயில் என்பது எங்களுக்குள் பேச்சு. மருந்துக் கடைகள் வாங்கி வைப்பதையே விட்டன. 1997-ல் இந்தியா முழுக்கச் செலவான மார்ஃபின் சுமார் 18 கிலோ. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் வாங்கிக் கசகசாச் செடி போட்டு, அபினைக் கப்பலேற்றும் நாடு இது!

உங்கள் ஊர் டாக்டர் அந்தக் காலத்துப் படிப்பாக இருக்கலாம். வேலூர்ச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, அங்கே இருக்கும் போன் நம்பரோடு அவரிடம் கொடுங்கள். ‘நீங்களே ஒரு வார்த்தை பேசுங்க சார்’ என்று கேளுங்கள். டாக்டர் சொன்னால்தான் டாக்டர் கேட்பார், எங்கள் ஜாதிக்குணம்.

அம்மாவுக்கு மார்ஃபின் ஆரம்பித்ததிலிருந்து வெளிக்குப் போகவில்லை. கீரை, வாழைப்பழம் எல்லாம் கொடுத்தாயிற்று. மருந்தை விட்டுவிடலாமா?
- மகன், ஆரணி

விடாதீர்கள். வாந்தியும் மயக்கமும் சில நாளில் போய்விடும், மலச்சிக்கல் மட்டும் போகாது. மார்ஃபின் இருக்கும்வரை பேதி மருந்தும் தினமும் இருக்கணும். அது இல்லாமல் சீட்டு எழுதிய டாக்டர் பாதிச் சீட்டுதான் எழுதியிருக்கிறார். போய் மீதியைக் கேட்டு வாங்குங்கள். வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மாமியாருக்கு முதுகில் ஒட்டும் வலி பிளாஸ்டர் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் வேர்த்துப் பிய்ந்துவிடுகிறது. முதுகு பிடிப்புக்குச் சுடுதண்ணீர்ப் பை வேறு வைக்கிறோம். சரியா?
- மருமகள், ஆற்காடு

பையை இப்போதே எடுத்துவிடுங்கள். அது மார்ஃபின் குடும்பத்து ஃபென்டனில் பிளாஸ்டராகத்தான் இருக்கும், 72 மணி நேரத்துக்கு ஒன்று. சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும், ஆபத்து. காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் ஓட்டு வீட்டுக்குள் மத்தியானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஜன்னல் பக்கம் காற்றோட்டமாகப் படுக்க வையுங்கள். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புது இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிஷம் அழுத்துங்கள். கத்தரிக்கோல் போடாதீர்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதிலும் மருந்து மிச்சமிருக்கும்.

அணைக்கட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவோடு வீடுகளுக்குப் போகிறேன். மார்ஃபின் பற்றிக் கேட்டால் சீனியர், ‘அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்’ என்கிறார். எனக்கும் கை நடுங்குகிறது, மேடம்.
- இளம் டாக்டர்

கை நடுங்குவது நல்லதுதான், கணக்கைச் சரிபார்ப்பீர்கள். ஆனால் ‘கடைசி’ என்பது எந்தத் தேதி என்று உங்கள் சீனியரிடம் கேளுங்கள். மார்ஃபினை வலியின் அளவு பார்த்துத் தொடங்கணும், ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து இல்லை. டிராமடால் என்ற வலி மருந்தைத் தாராளமாக எழுதுகிறாரா என்றும் பாருங்கள். அதுவும் இதே குடும்பத்து மருந்துதான், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றவும் முடியாது. 2018-ல் அதுவும் அதே போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இதற்கு முன் இந்த வகை மருந்தே எடுக்காதவருக்கு 5 மில்லிகிராம், தள்ளாதவருக்கு 2.5, நாலு மணிக்கு ஒருமுறை. இடையில் வலி கிளம்பினால் ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. படுக்கும்போது இரட்டை அளவு கொடுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். எரிகிறது, ஷாக் அடிக்கிறது என்றால் நரம்பு வலி, அமிட்ரிப்டிலின் மாதிரி ஒன்றைச் சேர்க்கணும்.

சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. பயிற்சி பெற்ற டாக்டர் உள்ள, அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக் கொடுக்கலாம். அப்படி ஓர் இடத்தில் சில வாரம் பயிற்சி எடுங்கள். புத்தகத்தில் வராத ஒன்று அங்கே வரும்: முதல் டோஸ் கொடுத்து ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். 23 மார்ஃபின் மாத்திரை மிச்சம். எதிர்வீட்டு அக்காவுக்கும் அதே நோய், அவர்களுக்குக் கொடுக்கலாமா?
- மகன், காட்பாடி

கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்குப் பழகிய அளவு அந்த அக்காவுக்கு அதிகமாகிவிடலாம். எண்ணி, கவரில் போட்டு, எண்ணிக்கையை மேலே எழுதி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். கணக்கில் வரவு வைப்பார்கள். போகும்போது அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.