ராத்திரி சோத்தை விட்டும் எடை குறையலையே?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு, ரெண்டாவது குழந்தைக்கப்புறம் 82 கிலோ ஆயிட்டேன், ராத்திரி சோறே சாப்பிடறதில்ல, தினம் காவிரிக்கரையில நடக்குறேன், ஒண்ணும் குறையல. ஆஸ்பத்திரிக்குப் போனா வாயைக் கட்டுன்னு திட்டி அனுப்புறாங்க.
- வாசகி, கும்பகோணம்

பதில்: திட்டுறது வைத்தியமே இல்லம்மா, எனக்கு இதக் கேட்டாலே கோவம் வருது. எடை குறைய ஆரம்பிச்சா உடம்பே பசியக் கூட்டி சக்தி செலவக் குறைச்சுக்கும், அதனாலதான் பல பேருக்கு பாதியில நின்னுடுது, உங்க மன உறுதிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மொதல்ல டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) ரெண்டும் பாத்துடுங்க, பீரியட்ஸ் தள்ளிப்போனா பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறு இருக்கான்னு கேளுங்க, ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகூட எடைய ஏத்தும் (நீங்களா நிறுத்திடாதீங்க). நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற கணக்கு) 23 தாண்டினாலே கூடுதல், 25ன்னா உடல்பருமன்.

சோத்துக்குப் பதிலா இட்லி, தோசை, சக்கரை போட்ட டிகிரி காபின்னு போனா கணக்கு ஒண்ணுதான், பருப்பு, முட்டை, மீன், கீரைய கூட்டுங்க. எடை குறைக்கன்னு இப்போ பேசுற செமாக்ளூடைட் ஊசி டாக்டர் சீட்டு இல்லாம வேண்டவே வேண்டாம், அடுத்த குழந்தை யோசனை இருந்தா ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஓபில காட்டுங்க. மொதல்ல 4 கிலோ குறைஞ்சாலே சுகர், பிரஷருக்கு நல்லது.