இணையத்தில் சந்தித்ததை ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பழைய பாடல்கள் பற்றிப் பேசும் இணையக் குழுவொன்றில் அவர் அறிமுகமானார். லண்டனில் ஒரு கடையில் வேலை. இரண்டு தடவை இங்கு வந்து என்னைப் பார்த்த பிறகே பதிவுத் திருமணம் செய்தோம். அவர் இரவு வேலை முடிந்து அழைப்பார். நான் அலாரம் வைத்து எழுந்து பேசுவேன். "முகம் தெரியாமல் வந்த சம்பந்தம்" என்று அம்மா இன்னும் குறைப்படுகிறார். விசா முகவரோ, பெற்றோர் பேசிச் செய்த திருமணம் என்று எழுதச் சொல்கிறார். என் கணவருடைய சம்பளமும் விசாவுக்குப் போதாதாம். என்ன செய்வது?

பதில்: அன்பு மகளுக்கு, முகவர் எழுதித் தரும் கதையில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய் பிடிபட்டால் இந்த விண்ணப்பத்தோடு போகாது. பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு மெய்யானதாக இருக்க வேண்டும் என்றுதான் பிரித்தானிய விதி கேட்கிறது. முதல் அறிமுகம் எங்கே நடந்தாலும் குற்றமில்லை.

லண்டனில் இரவு பத்து மணி என்றால் இங்கே கோடையில் அதிகாலை இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. அந்த நேரங்களில் பேசிய அழைப்புகளின் பதிவு உங்கள் கைபேசியில் இருக்கிறதே, அதைவிடவா சாட்சி வேண்டும்? எல்லாவற்றையும் கட்டுக்கட்டாக அச்சிட வேண்டாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு எடுத்து, அவருடைய விமான டிக்கெட்டுகளோடும் திருமணப் படங்களோடும் சேர்த்து வையுங்கள்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஒரு படத்தையும் சாதகக் குறிப்பையும் நம்பி எத்தனை பெண்பிள்ளைகள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார்கள்? அதையும் சம்பந்தம் என்றுதானே சொன்னோம். அவர்கள் அறிந்ததைவிட உங்கள் கணவரை நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

துணையை அங்கே அழைப்பவருக்கான சம்பள விதியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆண்டுக்கு 18,600 பவுண் என்றிருந்த வருமான எல்லையை 2024 ஏப்ரலில் ஒரேயடியாக 29,000 ஆக்கினார்கள். அங்கே குறைந்தபட்சக் கூலிக்கு முழுநேரம் உழைப்பவருக்குக்கூட அது எட்டாது. நீங்கள் கொழும்பில் வாங்கும் சம்பளத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வருமானத்துக்குப் பதிலாகச் சேமிப்பைக் காட்டலாம் என்றால், அதற்கு 88,500 பவுண் வேண்டும். கடைத்தொழிலாளிக்கு மனைவியோடு வாழும் உரிமை இல்லையென்று இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? இந்தக் கோபத்தை அவர்மேல் இறக்கிவிடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் உழைத்தால் என்ன" என்று அலுப்பில்கூடக் கேட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வேலையொன்று கிடைத்தால் அந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். பொதுவாக ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கூற்றும் கேட்பார்கள். முகவருக்கென்று எடுத்துவைத்த பணத்தில், அங்கே அங்கீகாரம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் அவர் ஆலோசனை பெறட்டும். தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதட்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கடிதத்தை உடனே சட்டத்தரணிக்கு அனுப்புங்கள்: மனித உரிமை அடிப்படையில் மேன்முறையீடு செய்ய, இங்கிருந்து விண்ணப்பிப்பவருக்கு 28 நாட்கள்தான் உண்டு.