கறியை விட்டேன், வீட்டில் தனியாளாகிவிட்டேன்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 41 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம். ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் பிராய்லர் கோழி வளர்த்துக் கொடுத்தேன். குஞ்சும் தீவனமும் அவர்களுடையது, கொட்டாயும் உழைப்பும் நம்முடையது. போன கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் எல்லாம் நின்றது. சாயங்காலத்துக்குள் பாதிக் கோழி வாயைப் பிளந்தபடி செத்துக் கிடந்தது. குழி வெட்டிப் புதைத்தேன். அன்றோடு கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. கொட்டாயையும் மூடிவிட்டு இப்போது மாங்காய் லோடு ஓட்டுகிறேன்.

நான் மட்டும் விட்டால் போதுமா? வீட்டில் கறி ஆக்கக் கூடாது என்றேன். அதிலிருந்து தினம் சண்டை. “கொட்டாய மூடுன, கடன் அப்படியே நிக்குது, இப்ப சோத்துலயும் கை வைக்கிற” என்கிறாள் மனைவி. அம்மாவுக்குச் சளி பிடித்தால் நாட்டுக்கோழிச் சாறு வேண்டுமாம். மச்சான் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். கிடா வெட்டி விருந்து. நான் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். மாமனார் இன்றுவரை பேசுவதில்லை. ஊரில் என்னைச் சாமியார் என்றே கூப்பிடுகிறார்கள். தின்பதற்காகக் கொல்பவர் இல்லையென்றால் விலைக்கு விற்பவரும் இருக்கமாட்டார் என்ற குறளை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் சின்னவள் ஒருத்திதான் என் பேச்சைக் கேட்கிறாள். சத்துணவில் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுக்கும்படி டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் சந்தேகமாக இருந்தது, அவள் கையை முகர்ந்து பார்த்தேன். இப்போதெல்லாம் பள்ளி விட்டு வந்ததும் தொட்டிக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் என்னிடம் வருகிறாள். அதை விடுங்கள். மாமனார் அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள நான் என்ன செய்துவிட்டேன்? ஒரு உயிரைக் கொல்லாதே என்பது தப்பா? இவர்களை எப்படித் திருத்துவது?

*

அன்புள்ள தம்பிக்கு,

மாமனார் கோபம் அடுத்த விசேஷத்துக்குள் ஆறிவிடும். மனைவி சண்டை போடுவது கறிக்காக என்பதைவிடக் கடனுக்காக. நீங்கள் “அதை விடுங்கள்” என்று தாண்டிப் போனீர்களே, என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

உங்கள் பேச்சைக் கேட்பதாக நீங்கள் நம்பும் சின்னவள்தான் அந்த வீட்டில் உங்களுக்கு அதிகம் பயப்படுகிறவள். அவள் முட்டை தின்றாளா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. தின்றிருந்தால் மறைப்பதற்காகக் கழுவுகிறாள். தின்னாமல் இருந்தால், சொன்னாலும் அப்பா நம்பமாட்டார் என்று கழுவுகிறாள். இரண்டாவது இன்னும் கொடுமை.

கறியை விட்டது சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன். குஞ்சாக வந்தது நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை ஏறி, தன் காலே தன்னைத் தாங்காமல் உட்கார்ந்துவிடுவதைக் கிட்ட இருந்து பார்த்தவர் நீங்கள். அதைப் பார்த்தும் மனசு நோகாதிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஊர் என்ன பேர் வைத்தாலும் உங்கள் முடிவில் நில்லுங்கள்.

ஆனால் அந்தக் குழியில் புதைத்த கோழிகளுக்கான பரிகாரத்தை நீங்கள் யார் யார் தட்டிலிருந்தோ எடுத்துச் செய்யப் பார்க்கிறீர்கள். கரண்ட் போனது உங்கள் குற்றமில்லை. அன்று நீங்கள் பட்ட பாட்டை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சொல்லி அழ வேண்டியது உள்ளேயே கிடந்து, இப்போது வீட்டாருக்குக் காவல் காக்கும் வேலையாகிவிட்டது. அந்தத் துக்கம் உங்களுடையது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் பங்கு கிடையாது.

குறளை ஒட்டியிருக்கிறீர்கள். புலால் மறுத்தல் 26-வது அதிகாரம், துறவறவியலில் வருகிறது. அதற்கு வெகு முன்பே, 7-வது அதிகாரமான மக்கட்பேற்றில், பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்கிறார் அதே வள்ளுவர். நீங்கள் முகர்ந்து சோதித்தது அந்தச் சிறுகையைத்தான் தம்பி.

கறியைக் குறைப்பது உங்கள் வீட்டுக்குப் புதிதும் அல்ல. உங்கள் அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் கறி என்றால் பண்டிகை நாள், விருந்தாளி, குலசாமிக்கு வெட்டும் கிடா, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் களியும், கொள்ளுச் சாறும், அவரைக்கொட்டைக் குழம்பும். வாரம் தவறாமல் கோழி என்பது பிராய்லர் கொட்டாய்கள் வந்தபிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். “அம்மா, அந்தக் குழம்பு வெச்சுக் குடு” என்று நீங்கள் கேட்டிருந்தால் ஆசையாக ஆக்கிப் போட்டிருப்பார். நீங்கள் உத்தரவு போட்டீர்கள், அவருக்குக் கோழிச் சாறு நினைவு வந்துவிட்டது.

முட்டை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது நல்ல ஏற்பாடு. வேண்டாம் என்று அவள் சொல்லவேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, பி12 சத்தும் இருக்கிறது. பழத்தில் பி12 கிடையாது, அந்த அளவு புரதமும் இல்லை. பாலும் தயிரும் பயறும் தினமும் தட்டில் விழுந்தால் முட்டை இல்லாமலும் பெண்பிள்ளை நன்றாக வளர்வாள். கடன் நிற்கிற வீட்டில் அதற்கு வழி செய்யாமல், பள்ளியில் கிடைப்பதையும் நிறுத்துவதைக் கருணை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

டீச்சரிடம் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்குங்கள். மகளிடம் “இனிமே நீ என்ன சாப்பிட்டாலும் அப்பா கேக்கமாட்டேன், கோவமும் படமாட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். கூடவே கோழியின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரே நாளில் நம்பமாட்டாள், கொஞ்ச நாள் கழுவிக்கொண்டுதான் வருவாள். அதைப் பற்றியும் கேட்காதீர்கள். வளர்ந்தபிறகு “அப்பா ஏன் கறி சாப்பிடறதில்ல?” என்று அவளே கேட்டால் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அந்த மத்தியானத்தை இப்போது மனைவியிடம் சொல்லுங்கள். நியாயம் பேச வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். கடனையும் அதே மூச்சில் எடுத்து வையுங்கள், அவர் அதற்குத்தான் காத்திருக்கிறார். அம்மாவுக்குச் சளி பிடித்தால் சாறு வைத்துக் கொடுக்கட்டும். அந்த வாசம் உங்களுக்குத் தாங்காவிட்டால், அரைமணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள்.