வெள்ளைப் புலியும் இரண்டு கேள்விகளும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உயிரியல் பூங்காக்கள் மக்களுக்கு அறிவியல் சொல்லித்தரும் இடங்களாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சென்ற மாதம் பிள்ளைகளை ஒரு பெரிய பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வெள்ளைப் புலி முன்னால் ஒரே கூச்சல், செல்ஃபி. பலகையில் பெயர், உணவு, ஆயுட்காலம், அவ்வளவுதான். "இது மட்டும் ஏன் டீச்சர் வெள்ளையா இருக்கு?" என்றாள் ஒரு மாணவி. "ஏன் குறுக்கும் நெடுக்கும் நடந்துக்கிட்டே இருக்கு?" என்றான் இன்னொருவன். விவரம் சொல்ல அங்கே ஆள் இல்லை. அடைத்துவைத்த விலங்கைக் காட்டி என்ன அறிவியலைச் சொல்லித்தருவது? நல்ல ஆவணப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதாதா?

ஓர் ஆசிரியை, விழுப்புரம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பிள்ளைகள் கேட்ட இரண்டுமே நல்ல அறிவியல் கேள்விகள். அந்தப் புலியின் எதிரே நின்றபோதுதான் அவை எழுந்தன என்பதைக் கவனியுங்கள்.

வெள்ளைப் புலி தனி இனமல்ல, வங்கப் புலிதான். 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்துவந்த மோகன் என்ற குட்டியின் வழிவந்தவைதான் இன்று பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. மோகனை முதலில் சாதாரண நிறமுள்ள பெண்புலியோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லாமே ஆரஞ்சு நிறம். பிறகு அவற்றில் ஒன்றான ராதாவோடு, அதாவது சொந்த மகளோடு, சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டிகள் பிறந்தன. நான்கும் வெள்ளை. பட்டாணிச் செடியை வைத்து நீங்கள் நடத்தும் ஓங்கு பண்பு (வெளியே தெரிவது), ஒடுங்கு பண்பு (அதன் பின்னால் மறைந்திருப்பது) பாடம் முழுதும் இந்தக் குடும்பத்துக்குள் இருக்கிறது. ஆரஞ்சு ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு; ராதாவுக்குள் வெள்ளை மறைந்திருந்தது. கட்டம் போட்டுப் பார்த்தால் ராதாவின் குட்டி ஒவ்வொன்றும் வெள்ளையாகப் பிறக்கும் வாய்ப்பு பாதிதான். அப்படியிருக்க நான்கும் எப்படி வெள்ளையாயின என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதினாறில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். நிறமி தொடர்பான ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே இந்த வெள்ளைக்குக் காரணம் என்று 2013இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

பூங்காக்கள் சொல்லத் தயங்குவது இதற்கு அடுத்த பகுதியை. இந்த நிறத்துக்காகவே நெருங்கிய இரத்த உறவுகளைத் தலைமுறை தலைமுறையாக இணைத்தார்கள். உட்கலப்பின் கேடுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. பல வெள்ளைப் புலிகளுக்கு மாறுகண் உண்டு. நிறமி குறைந்ததால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் சில பாதை மாறிவிடுவதன் விளைவு அது. வெள்ளைப் புலியைப் பெருக்குவதால் காட்டுப் புலிக்கு எந்த நன்மையும் இல்லை, கூட்டம் மட்டும்தான் சேரும். இதைப் பலகையில் எழுதிவைக்கும் பூங்காவைத்தான் கல்வி நிலையம் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

அந்த மாணவனின் கேள்வி இதைவிடக் கடினமானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காட்டில் பரந்த எல்லைக்குள் திரியும் ஊனுண்ணிகளே அடைபட்ட வாழ்வில் அதிகம் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் சாகின்றன என்று காட்டினார்கள். மிக மோசமான நிலையில் இருந்தவற்றில் ஒன்று துருவக் கரடி. பூங்காக்களில் திரட்டிய தகவல்களிலிருந்து வந்த முடிவு இது. அடைத்துவைப்பது பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. போதிய இடம் கொடுக்க முடியாத விலங்கை வைத்திருக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆவணப்படம் போதாது என்பேன். படத்தில் புலி எப்போதும் வேட்டையாடிக்கொண்டிருக்கும். அது பெரும்பகுதி நேரம் படுத்துக் கிடப்பதைப் படத்தொகுப்பாளர் வெட்டிவிடுவார். எதைப் பார்ப்பது என்பதை அங்கே வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். பூங்காவில் அதைப் பிள்ளைகளே முடிவு செய்யலாம். எல்லாக் கூண்டுகளையும் சுற்றிவர வேண்டாம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு விலங்கு கொடுங்கள். அரை மணி நேரம், நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று குறிக்கட்டும்: படுத்திருக்கிறது, நடக்கிறது, முகர்கிறது, தின்கிறது. இரை போடும் நேரத்துக்கு முன்னால் ஒரு குழுவும் பின்னால் ஒரு குழுவும் குறித்தால் ஒப்பிட்டும் பார்க்கலாம். விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

நம் ஊரில் விலங்குக் காட்சிக்கும் கல்விக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1855 வாக்கில் சென்னையின் விலங்குக் காட்சி எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில்தான் தொடங்கியது. தொடங்கியவர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர். பிறகு அது சென்ட்ரல் அருகே மக்கள் பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூருக்கு வந்தது.

அடுத்த முறை போகும் முன் பூங்கா இயக்குநருக்குப் பள்ளியின் பெயரில் கடிதம் எழுதுங்கள். வழிகாட்டியோடு, புலிக்குத் தினமும் இரை வைக்கும் காப்பாளர் ஒருவரும் பதினைந்து நிமிடம் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எந்தப் புலி எப்போது நடக்கத் தொடங்கும், எதைக் கொடுத்தால் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். விடுமுறை நாளைத் தவிர்த்து, காலையில் கதவு திறந்தவுடன் போய்விடுங்கள். பிள்ளைகள் குறித்துவரும் அட்டவணைகளை அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.