தொகுதி விண்கலம் என்றால் என்ன? ஏன் ஒரே கலமாகச் செய்வதில்லை?

தனித்தனியாகச் செய்த பகுதிகளைப் பூட்டி ஒரு கலமாக்கினால் அதுதான் தொகுதி விண்கலம். ஆட்கள் இருக்க ஒன்று, எரிபொருளும் மின்சாரமும் தர ஒன்று, இறங்க ஒன்று.

மதுரை சித்திரைப் பொருட்காட்சிக்கு வரும் ராட்சத ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முழுசாக எந்த லாரியிலும் ஏறாது. பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிறார்கள். ராக்கெட்டும் லாரி மாதிரிதான், எடைக்கும் அகலத்துக்கும் வரம்பு உண்டு. சுமார் 420 டன் எடையுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தை 1998 முதல் துண்டு துண்டாக மேலேற்றித்தான் கட்டினார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு காரணம். பூமிக்குத் திரும்பும்போது கலத்தின் வெளிப்புறம் தகிக்கும்; அதைத் தாங்கும் வெப்பக் கவசமோ கனமானது. ஆட்கள் உள்ள சின்னப் பகுதிக்கு மட்டும் அதைப் போட்டு, மற்றதைக் கழற்றி விட்டுவிடலாம். நிலாவுக்கான நாசாவின் ஓரியன் கலமும், ஆட்களை விண்ணுக்கு அனுப்ப நம் நாடு செய்யும் ககன்யானும் இப்படித்தான்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல எதையும் எதோடும் மாட்டிவிட முடியாது. 1970-இல் நிலாவுக்குப் போன அப்போலோ 13 கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும், அதிலிருந்த மூன்று வீரர்களும் தாய்க்கலத்தை விட்டு, அதோடு பூட்டியிருந்த நிலா இறங்குகலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். மூச்சில் வரும் கரியமில வாயுவை நீக்க அங்கிருந்த வடிகட்டிகள் போதவில்லை; தாய்க்கலத்தினுடையதை மாட்டலாம் என்றால், இறங்குகலத்தினுடையது உருளை வடிவம், தாய்க்கலத்தினுடையது சதுரம். அட்டை, பிளாஸ்டிக் பை, டேப் வைத்து ஒட்டித்தான் சமாளித்தார்கள்.